எத்தனை பேர் என்பதை விடுங்கள், எப்படிப் பிடித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இணையப் பக்கத்தில், வீட்டுப்பாடத்தை நிறுத்த வேண்டுமா என்று நடந்த வாக்கெடுப்பின் முடிவை ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்திருக்கிறார்கள், அதனால் இதுதான் பெற்றோரின் குரல் என்று பெரிய எழுத்தில் தலைப்பு. மறுநாள் ஒரு வாசகர் சந்தேகம் கேட்டதற்கு, "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், இங்கே லட்சம் சோறு இருக்கிறது" என்று பதில் போட்டிருந்தீர்கள். அந்தப் பதிலைப் படித்த பிறகுதான், எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். நான் பதினோரு வருடம் சர்வே வேலை பார்த்தவள். வீடு வீடாகப் போய், கதவைத் தட்டி, கேள்வி கேட்டு, தாளில் எழுதிக்கொண்டு வருகிற வேலை. புள்ளியியலைப் படித்துவிட்டு அந்த வேலைக்குப் போகவில்லை, அந்த வேலை கொடுத்த கேள்விகளால்தான் பிறகு புள்ளியியல் படித்தேன்.

பழமொழி தப்பில்லை. பானையில் இருக்கிற அரிசியெல்லாம் ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வெந்தது, அதனால் எதை எடுத்து நசுக்கினாலும் ஒன்றுதான். மனிதர்கள் அப்படி வெந்தவர்கள் இல்லை. அது போகட்டும், நீங்கள் பானைக்குள் கரண்டியையே விடவில்லையே. தானாக வெளியே வந்து விழுந்த பருக்கைகளை எண்ணிவிட்டு, பானை முழுக்க இப்படித்தான் என்கிறீர்கள்.

உங்கள் பக்கத்தைத் திறந்து, அந்தக் கேள்வியைப் பார்த்து, நின்று, பொத்தானை அழுத்தியது யார்? பிள்ளையோடு முந்தின இரவு பத்து மணி வரை கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய அம்மா அழுத்தியிருப்பார். பிள்ளை தானே உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டுத் தூங்கப் போன வீட்டில், அப்படி ஒரு கேள்வி இருப்பதே யாருக்கும் கண்ணில் பட்டிருக்காது. கோபம் இருக்கிறவருக்குத்தான் விரல் சொடுக்கென்று போகும். (ஒரே ஆள் நாலு போனில் நாலு தடவை அழுத்தலாம் என்பதை நான் பேசவே இல்லை. எல்லோரும் நேர்மையாக ஒரே தடவை அழுத்தினார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.)

இதற்கு உங்கள் தொழிலிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்கப் பத்திரிகைகளில் ஆன் லேண்டர்ஸ் என்ற பெயரில் வாசகர் பிரச்சினைகளுக்குப் பதில் எழுதி வந்தவர், 1970களின் நடுவில் பெற்றோர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க முடிந்தால், பிள்ளை பெற்றுக்கொள்வீர்களா? சுமார் 10,000 பதில்கள் வந்து குவிந்தன. அதில் 70 சதவீதம் பேர் 'மாட்டோம்' என்றார்கள். நாடே அதிர்ந்துபோனது. நியூஸ்டே என்ற செய்தித்தாள் அதே கேள்வியை, தானாக வருகிறவர்களிடம் கேட்காமல், முறையாகச் சமவாய்ப்பில், அதாவது குலுக்கல் முறையில், தேர்ந்தெடுத்த பெற்றோரிடம் கேட்டது. 91 சதவீதம் பேர் 'பெற்றுக்கொள்வோம்' என்றார்கள். கடிதம் எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, அவர்களுடைய வலி உண்மை. ஆனால் வலி இருந்ததால்தான் எழுதினார்கள், அதுதான் விஷயம்.

சரி, 10,000 பேர் குறைவு, லட்சம் பேர் என்றால் இந்தக் கோணல் நேராகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். 1936ல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகையும் அப்படித்தான் நினைத்தது. அதற்கு நல்ல பெயர் இருந்தது, 1916லிருந்து ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஜெயிப்பவரைச் சரியாகச் சொல்லி வந்த பத்திரிகை. அந்த வருடம் சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பியது. முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்தார்கள். ஏறக்குறைய 24 லட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் 57 சதவீதத்தோடு ஜெயிப்பார் என்று அச்சிட்டார்கள். அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீதம் வாங்கினார், 48 மாநிலங்களில் லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் சுமார் 50,000 பேரைக் கேட்டு ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். அதோடு, டைஜஸ்ட் என்ன முடிவு வெளியிடப் போகிறது என்பதையும், அவர்கள் சீட்டு அனுப்புவதற்கு முன்பே, கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிட்டார். தப்பு அவ்வளவு முறையாக ஒரே பக்கம் சாய்ந்திருந்தது, அதை முன்கூட்டியே கணக்குப் போட முடிந்தது. இரண்டு வருடத்தில் டைஜஸ்ட் மூடப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும், பொருளாதாரச் சரிவுக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் பணக்காரர்கள், அதனால்தான் தப்பானது என்று நிறுத்திவிடுவார்கள். அது பாதிதான். 1937ல் காலப் எடுத்த ஒரு சர்வேயை வைத்துப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது வேறொன்றும் தெரிந்தது: சீட்டு கிடைத்த எல்லோரும் பதில் போட்டிருந்தால், டைஜஸ்ட் சதவீதத்தில் தவறியிருந்தாலும் ஜெயிப்பவரையாவது சரியாகச் சொல்லியிருக்கும். அதாவது பட்டியல் கோணலாக இருந்ததும் உண்மை, திரும்பி வராத 76 லட்சம் சீட்டுகள் அதைவிடப் பெரிய வேலையைச் செய்தன என்பதும் உண்மை. யார் பதில் சொன்னார்கள் என்று பார்க்கிற நேரத்தில் யார் சொல்லவில்லை என்று பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

2018ல் ஹார்வர்டு பேராசிரியர் ஷியாவ்-லி மெங் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். ஒருவர் பதில் சொல்ல முன்வருவதற்கும் அவர் சொல்லப் போகும் பதிலுக்கும் இடையே மிகமிகச் சின்ன ஒட்டுறவு (முழுமையாக ஒட்டினால் 1, ஒட்டே இல்லையென்றால் 0), அதில் 0.005 அளவுக்குத்தான், இருந்தால்கூட, அமெரிக்க வாக்காளர்களில் 1 சதவீதம் பேர், அதாவது 23 லட்சம் பேர் தரும் தகவலின் மதிப்பு, சமவாய்ப்பில் எடுத்த சுமார் 400 பேர் தரும் தகவலின் மதிப்புக்குத்தான் சமம். இதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை, தாளை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். வந்தது. உங்கள் லட்சம் பேரை நினைத்து எனக்குச் சங்கடமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

'பிழை வரம்பு 3 சதவீதம்' என்று சில கணிப்புச் செய்திகளின் கடைசியில் சின்னதாகப் போடுகிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமவாய்ப்பில் 1,000 பேரை எடுத்தால் கூட்டிக்குறைத்து 3 சதவீதம் தவறலாம். 400 பேர் என்றால் 5 சதவீதம். தவறைப் பாதியாக்க வேண்டுமென்றால் ஆட்களை நாலு மடங்காக்க வேண்டும். ஊர் பெரிதா சின்னதா என்பது ஏறக்குறைய பொருட்டே இல்லை. ஆனால் இந்த 3 சதவீதம், குலுக்கலின் அதிர்ஷ்டத்தால் வரும் பிழையை மட்டுமே சொல்கிறது. கேள்வி கோணலாக இருந்ததையோ, பாதி வீடு பூட்டியிருந்ததையோ அது சொல்லாது. இணைய வாக்கெடுப்புக்குக் கீழே அந்த எண்ணைப் போடுவதற்கு அர்த்தமே கிடையாது.

இந்தச் 'சமவாய்ப்பு' என்ற சொல்லைப் பலர் 'கண்ணில் பட்டவரைக் கேட்பது' என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். நேர் எதிர். யாரைக் கேட்பது என்ற முடிவை என் கையிலிருந்து பிடுங்கிவிடுவதுதான் சமவாய்ப்பு. பகுதியில் உள்ள எல்லா வீடுகளையும் பட்டியல் போட்டு, எண் கொடுத்து, சமவாய்ப்பு எண் அட்டவணை எந்த எண்ணைக் காட்டுகிறதோ அந்த வீடு. அங்கே நாய் இருந்தாலும் அந்த வீடுதான், மூன்றாவது மாடி என்றாலும் அந்த வீடுதான். வீட்டுக்குள் போனபிறகும், கதவைத் திறந்தவரையே கேட்டுவிடக் கூடாது, வீட்டில் உள்ள பெரியவர்களை எழுதி அதில் ஒருவரைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். கையால் குலுக்குவதுகூட அவ்வளவு எளிதில்லை. 1969 டிசம்பர் 1ஆம் தேதி, வியட்நாம் போருக்கு இளைஞர்களை எடுக்க அமெரிக்காவில் பிறந்தநாள் குலுக்கல் நடத்தினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி உள்ள 366 குப்பிகளை ஜனவரியில் ஆரம்பித்து மாதம் மாதமாகப் பெட்டியில் போட்டவர்கள் சரியாகக் கலக்கவில்லை. கடைசியாகப் போட்ட மாதங்களின் நாள்கள் முன்னதாக அதிகம் வந்தன. அந்தக் குலுக்கலில் வந்த வரிசைப்படி 195ஆம் எண் வரை படைக்கு அழைத்தார்கள். டிசம்பரின் 31 நாள்களில் 26 நாள்கள் அதற்குள் விழுந்தன. ஒரு பெட்டியைச் சரியாகக் கலக்காததற்கு யாரோ ஒருவருடைய பிள்ளை விலை கொடுத்தான். அடுத்த வருடம் முறையை மாற்றிவிட்டார்கள்.

பூட்டிய வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தனியார் நிறுவனத்துக்காகப் போனோம். பட்டியலில் உள்ள வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்டுவிடு என்றார் மேற்பார்வையாளர். நாள் ஒன்றுக்கு இத்தனை தாள் முடிக்க வேண்டும் என்று கணக்கு. பகல் பதினோரு மணிக்குப் பூட்டியிருக்கும் வீடு எது? எல்லோரும் வேலைக்குப் போகிற வீடு. திறந்திருக்கும் வீடு எது? முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், உடம்பு சரியில்லாதவர்கள் இருக்கிற வீடு. இப்படி ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு பக்கத்து வீடு என்று மாற்றிக்கொண்டே போய், கடைசியில் வேலைக்குப் போகிறவர்களே அதிகம் இல்லாத ஒரு பகுதியை நாங்களே தயாரித்துக் கொடுத்தோம். அது வேலை நேரத்தைப் பற்றிய சர்வே! எனக்கு அன்று அது உறைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு இடத்தில், ஒரே வீட்டுக்கு மூன்று தடவை, வேறு வேறு நேரத்தில், ஒரு தடவையாவது இருட்டிய பிறகு, போய்த்தான் ஆக வேண்டும் என்று ஒரு அம்மையார் பிடிவாதமாகச் சொன்னபோதுதான் உறைத்தது. மூன்றாவது தடவை திறக்கும் கதவுக்குப் பின்னால் இருப்பவர், முதல் தடவை திறந்தவரைப் போல இருக்கவே மாட்டார்.

ஒதுக்கீட்டு முறை என்று ஒன்று உண்டு. இத்தனை ஆண், இத்தனை பெண், இந்த வயதில் இத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்துவிட்டு, ஆளைப் பிடிப்பதைக் களப்பணியாளரிடம் விட்டுவிடுவார்கள். தாளில் பார்த்தால் ஊரின் அச்சு அசல் போல இருக்கும். ஆனால் நான் யாரைப் பிடிப்பேன்? சிரித்த முகமாக இருக்கிறவரை, நிழலில் நிற்கிறவரை, என்னைப் போலவே பேசுகிறவரை. 1936ல் புகழ் பெற்ற காலப்பே 1948 அதிபர் தேர்தலில் இந்த முறையை வைத்துத்தான் டூயி ஜெயிப்பார் என்று சொல்லி மாட்டிக்கொண்டார். தேர்தலுக்குச் சில நாள்கள் முன்பே கேட்பதை நிறுத்தியதும் சேர்ந்துகொண்டது. ஜெயித்தது ட்ரூமன். அடுக்கடுக்காகப் பிரித்து ஒவ்வொரு அடுக்கிலும் குலுக்கி எடுப்பது, தெருவைக் கொத்தாக எடுப்பது, பட்டியலில் ஒவ்வொரு இருபதாவது வீடு என்று எடுப்பது, இவையெல்லாம் செலவையும் அலைச்சலையும் பார்த்துச் செய்கிற ஏற்பாடுகள். எதிலும் கடைசித் தேர்வு குலுக்கலிடம் இருக்கிறவரை எனக்குக் குறை இல்லை.

அப்புறம், உங்கள் கேள்வி. "பிள்ளைகளை வாட்டி வதைக்கும் வீட்டுப்பாடத்தை நிறுத்த வேண்டுமா?" வாட்டி வதைக்கிறது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்ட பிறகு நாங்கள் எதற்கு? சொல் மாறினால் பதில் மாறும் என்பது 1941லேயே சோதித்துப் பார்த்த விஷயம். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சை 'அனுமதிக்க வேண்டுமா' என்று ஒரு பகுதியினரிடமும், 'தடைசெய்ய வேண்டுமா' என்று இன்னொரு பகுதியினரிடமும் கேட்டார்கள். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 62 சதவீதம், தடைசெய்ய வேண்டும் என்றவர்கள் 46 சதவீதம். இரண்டும் ஒன்றேதான், ஆனால் 'தடை' என்ற சொல்லுக்கு வாய் வரவில்லை. கேள்வியின் வரிசைக்கும் இதே பலம் உண்டு. 1948ல் அமெரிக்கர்களிடம், கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்கள் இங்கே வந்து செய்தி சேகரிக்க விடலாமா என்று முதலில் கேட்டபோது 36 சதவீதம் பேர்தான் சரி என்றார்கள். ரஷ்யா நம் நிருபர்களை உள்ளே விட வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அடுத்ததாக அதே கேள்வியைக் கேட்டபோது 73 சதவீதம் பேர் சரி என்றார்கள். தனக்கு ஒரு நியாயம் கேட்ட வாயால் அடுத்தவருக்கு மறுக்க முடியவில்லை.

யார் கேட்கிறார்கள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் பதிலுக்குள் புகுந்துவிடும். ஒரு வீட்டில், செலவை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு அந்தப் பெண் யோசிக்காமல் "நான்தான்" என்றார், நானும் எழுதினேன். உள்ளே இருந்து கணவர் வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை, சும்மா நின்றார். அடுத்த கேள்விக்குப் போகும்போது அந்தப் பெண் குனிந்து என் தாளைப் பார்த்து, "அக்கா, அதை அடிச்சிட்டு அவர்னு எழுதிக்கோங்க" என்றார். எழுதினேன். எது உண்மை என்று எனக்கு இன்றும் தெரியாது, ஆனால் கணினியில் ஏறியது இரண்டாவது பதில்தான்.

கூச்சமான கேள்விகளுக்கு வழி இல்லாமல் இல்லை. ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965ல் ஒரு யோசனையைச் சொன்னார், அதிலிருந்து கிளைத்த முறை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பதில் சொல்பவர் எனக்குத் தெரியாமல் நாணயத்தைச் சுண்டுவார். தலை விழுந்தால், உண்மை எதுவாக இருந்தாலும் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். நூறு பேரில் 62 பேர் ஆமாம் என்றால், சுமார் 50 பேர் நாணயத்துக்காகச் சொன்னவர்கள், மீதி 50 பேரில் 12 பேர் உண்மையாகச் சொன்னவர்கள், ஆக ஏறக்குறைய 24 சதவீதம். எந்தத் தனி ஆளின் ரகசியமும் எனக்குத் தெரியாது, மொத்தக் கணக்கு மட்டும் தெரியும். இந்தியப் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். ஒரே பகுதியிலிருந்து தனித்தனியாக இரண்டு மாதிரிகளை, அதாவது கேட்க வேண்டியவர்களின் இரண்டு பட்டியல்களை, எடுத்து, இரண்டு வேறு குழுக்களிடம் கொடுத்துவிடுவது. இரண்டு முடிவுகளும் எதிர்பார்ப்பதைவிட அதிகம் விலகினால், கோளாறு கேட்டவர்களிடம் இருக்கிறதோ என்று தேடலாம். நாம் ஒரு பக்கம் சாய்கிறோமா என்று நம்மையே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் இரண்டு குழுவும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது பிடிபடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்ததாக, குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் என்று பள்ளி மாணவர்கள் வழியாக சர்வே எடுக்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதற்கு முன்னால் இதைப் பாருங்கள். பத்து வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு வீட்டில் பிள்ளையே இல்லை, நாலு வீட்டில் ஒன்று, இரண்டு வீட்டில் இரண்டு, இரண்டு வீட்டில் நாலு. மொத்தம் 16 பிள்ளைகள், வீட்டுக்குச் சராசரி 1.6. இப்போது அந்த 16 பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். நாலு பேர் ஒன்று என்பார்கள், நாலு பேர் இரண்டு என்பார்கள், எட்டுப் பேர் நாலு என்பார்கள். சராசரி 2.75. ஒரு பிள்ளைகூடப் பொய் சொல்லவில்லை. பெரிய குடும்பம் நாலு தடவை கணக்கில் வந்துவிட்டது, பிள்ளை இல்லாத வீடு ஒரு தடவையும் வரவில்லை. ஒவ்வொரு பதிலையும் பிள்ளை எண்ணிக்கையால் வகுத்து எடை போட்டால் முதல் கோளாறு தீரும், ஆனால் பிள்ளை இல்லாத வீட்டை எந்த எடையாலும் கொண்டுவர முடியாது. பிள்ளை உள்ள வீடுகளின் சராசரி என்று தலைப்பிலேயே சொன்னால் போதும்.

முறையான சர்வேக்களுக்கும் இன்று நெருக்கடிதான். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசி சர்வேக்களில் 1997ல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள், 2018ல் 6 சதவீதம். வயது, பாலினம், படிப்பு என்று மக்கள்தொகையில் உள்ள விகிதத்துக்கு ஏற்ப எடை போட்டுச் சரிசெய்கிறார்கள், அது ஓரளவுக்கு உதவுகிறது. அதனால்தான் கேட்கிறேன்: சர்வே செய்தி போடும்போது ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பேரை அணுகி எத்தனை பேர் பதில் சொன்னார்கள், கேள்வியின் சொற்கள் அப்படியே என்ன, பணம் கொடுத்தது யார் என்று கூடவே போடுங்கள். நாலு வரி இடம் போதும். இணைய வாக்கெடுப்பை நிறுத்தச் சொல்லவில்லை, 'வாசகர்களில் வாக்களித்தவர்கள் சொன்னது' என்று தலைப்பை மாற்றுங்கள்.

வீட்டுப்பாடம் பற்றி உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தால், வீட்டுப் பட்டியல் போட்டு 1,000 பெற்றோரைக் குலுக்கி எடுங்கள். உங்கள் இளம் நிருபர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்க நான் வருகிறேன், காசு வேண்டாம். முதல் இரண்டு தடவை பூட்டியிருந்த வீடுகளின் எண்களை மட்டும் எழுதி என்னிடம் கொடுத்துவிடுங்கள், இருட்டிய பிறகு அவற்றுக்கு நானே போய்க்கொள்கிறேன்.

அன்புடன்,
முன்னாள் சர்வே களப்பணியாளர் ஒருவர்